குழந்தை கண்டதைக் கலக்காமல் கேட்பது எப்படி

1911-ல் பெல்ஜியத்தில், சிறுமிகள் சாட்சி சொன்ன ஒரு கொலை வழக்கையொட்டி, வேரன்டாங்க் என்ற உளவியலாளர் ஒரு சின்னச் சோதனை செய்தார். 7 வயதுக் குழந்தைகள் 18 பேரிடம், அவர்களுக்குத் தெரிந்த ஒரு ஆசிரியரைச் சொல்லி, அவருடைய தாடி என்ன நிறம் என்று கேட்டார். 16 பேர் நிறம் சொன்னார்கள். அந்த ஆசிரியருக்குத் தாடியே கிடையாது.

அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. "என்ன நிறம்" என்று கேட்டபோதே தாடியும் கேள்வியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பெரியவர் கேட்கிறார் என்றால் அதற்கு ஒரு பதில் இருக்கும், அதைச் சொல்வதுதான் மரியாதை என்பது குழந்தையின் கணக்கு.

இதை மட்டும் படித்துவிட்டு "பிள்ளைங்க பேச்சை நம்ப முடியாது" என்று முடிவு கட்டினால் அது பெரிய தவறு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகளைக் கேரல் பீட்டர்சன் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பேட்டி கண்டார். எப்படி விழுந்தோம், எங்கே அடிபட்டது, யார் தூக்கினார்கள் என்பதை 5 ஆண்டு கழித்தும் பலர் சரியாகவே சொன்னார்கள். பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளைகளும் அதில் உண்டு. நினைவு திடமானதுதான். கேட்கிற விதம்தான் அதைக் காப்பாற்றுகிறது, அல்லது கெடுக்கிறது. குழந்தை ஒன்றைப் பார்த்ததாகவோ தனக்கு நேர்ந்ததாகவோ சொல்லும்போது பெற்றோர், ஆசிரியர், ஆலோசகர், விசாரிப்பவர் என்று யாராக இருந்தாலும் எப்படிக் கேட்க வேண்டும் என்பதே இங்கே விஷயம்.

முதலில், என்ன எதிர்பார்க்கலாம்

குழந்தை தானாகச் சொல்வதில் தப்பு குறைவு, விட்டுப்போவது அதிகம். 4 வயதுக் குழந்தையிடம் "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் இரண்டு மூன்று வாக்கியம் வரும். அவை பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் நடந்ததில் பாதிகூட அதில் இருக்காது. அந்தக் குறைவைப் பார்த்துப் பொறுமை இழந்த பெரியவர் மீதியைத் தன் கேள்விகளால் நிரப்பத் தொடங்குகிறார். கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வயது ஏற ஏறத் தானாகச் சொல்லும் அளவு கூடும். 9, 10 வயதுக்கு மேல் நன்றாகவே கோர்வையாகச் சொல்வார்கள். 3 வயதில் நடந்தவற்றைப் பற்றிப் பட்ரீஷியா பாவரும் மரினா லார்கினாவும் செய்த ஆய்வில், 5 முதல் 7 வயது வரை குழந்தைகள் அவற்றில் 60 சதவீதத்துக்கும் மேல் நினைவில் வைத்திருந்தார்கள். 8, 9 வயதில் அது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகவே சின்ன வயதில் நடந்ததை "கொஞ்சம் பெரியவளானதும் கேட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. சில நாட்களுக்குள் ஒருமுறை முறையாகக் கேட்டுப் பதிந்துவிட வேண்டும்.

இன்னொன்று, மூலம் குழம்புவது. கண்ணால் கண்டது, காதால் கேட்டது, மனதில் கற்பனை செய்தது, கதையில் வந்தது ஆகியவை மனதில் தனித்தனிப் பெட்டியில் இருப்பதில்லை. டெப்ரா பூலும் ஸ்டீபன் லின்ட்சேயும் குழந்தைகளை ஒரு "அறிவியல் மாமா"விடம் சில செய்முறைகள் பார்க்க வைத்தார்கள். சில மாதம் கழித்து, நடந்ததையும் நடக்காததையும் கலந்து எழுதிய ஒரு கதையைப் பெற்றோரே படித்துக் காட்டினார்கள். நடக்காததையும் தாங்கள் செய்ததாகப் பல குழந்தைகள் பின்னர் சொன்னார்கள். யாரும் மிரட்டவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. அம்மா வாசித்தது போதுமானதாக இருந்தது.

முதல் ஆளாகக் கேட்பவர் நீங்கள் என்றால்

பெரும்பாலும் குழந்தை முதலில் சொல்வது விசாரணை அதிகாரியிடம் அல்ல. சாப்பிடும்போதோ குளிக்கும்போதோ, வீட்டிலோ வகுப்பிலோதான் அது வெளியே வரும். அந்த முதல் ஐந்து நிமிடத்தில் நீங்கள் செய்வது, பின்னால் எந்த நிபுணர் வந்தாலும் திருத்த முடியாதது.

உடம்பில் காயமோ உடனடி ஆபத்தோ இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். மருத்துவரும் பாதுகாப்பும்தான் முதல், கேள்வி அப்புறம்.

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். "ஐயையோ!" என்று நீங்கள் பதறினால் குழந்தை இரண்டில் ஒன்று செய்யும்: சொல்வதை நிறுத்திவிடும், அல்லது உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கதையை மாற்றும். செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எதிரே உட்கார வேண்டியதில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்கலாம்.

"என்ன நடந்துச்சு, சொல்லு" என்று ஒருமுறை கேளுங்கள். பிறகு "ம்", "அப்புறம்?" இவ்வளவு போதும். மூன்று நான்கு கேள்விக்கு மேல் போகாதீர்கள். யார், எங்கே, ஆபத்து இன்னும் இருக்கிறதா என்பது தெரிந்தால் உங்கள் பங்கு முடிந்தது. விவரம் எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

செய்யக் கூடாதவை சில. நீங்களாக ஒரு பெயரைச் சொல்லாதீர்கள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது. பாட்டியிடம் ஒருமுறை, சித்தியிடம் ஒருமுறை, பக்கத்து வீட்டில் ஒருமுறை என்று சொல்ல வைக்காதீர்கள். அதே இடத்தில் இருந்த மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு "அவ இப்படிச் சொல்றாளே, உனக்கும் நடந்ததா?" என்று கேட்காதீர்கள். ஒரே கேள்வியில் பத்துக் குழந்தைகளின் நினைவும் கலங்கிவிடும். அதேபோல, "இன்னொரு தடவை சொல்லு, போன்ல எடுத்துக்கறேன்" என்பதும் வேண்டாம். இரண்டாவது முறை கேமராவுக்காகச் சொல்வது நினைவு அல்ல, ஒப்பித்தல். பதிவு செய்வதானால் உங்கள் கேள்வியும் சேர்ந்து, தொடக்கத்திலிருந்து இருக்க வேண்டும்.

குறிப்பு எழுதுவது

குழந்தை நகர்ந்ததும், அரை மணிக்குள் எழுதுங்கள். எழுதும்போது உங்கள் நடைக்கு மாற்றிவிடாதீர்கள். இரண்டு குறிப்புகளை ஒப்பிட்டால் புரியும்.

முதல் குறிப்பு: "மாலையில் வீடு திரும்பிய குழந்தை, வேன் ஓட்டுநர் தன்னை முதுகில் அடித்ததாகக் கூறினாள்."

இரண்டாவது: "மாலை 5.10. செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாரும் கேட்காமல் சொன்னாள்: 'அந்த மாமா டொம்முன்னு போட்டாங்க.' நான்: 'எந்த மாமா?' அவள்: 'வண்டி மாமா.' நான்: 'போட்டாங்கன்னா? என்ன நடந்துச்சு சொல்லு.' அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பையைத் தொட்டாள். பிறகு பொம்மை எடுக்கப் போய்விட்டாள்."

முதல் குறிப்பில் ஒரு குற்றச்சாட்டு முழுசாக இருக்கிறது. இரண்டாவதில் அது இல்லை. மாமா முதுகில் போட்டாரா, பையைத் தூக்கித் தரையில் போட்டாரா என்பது இன்னும் தெரியாது. "போட்டாங்க" என்ற சொல்லை "அடித்தார்" என்று மாற்றியது எழுதியவர். பின்னால் அந்தக் காகிதம் மட்டும்தான் மிஞ்சும்.

குழந்தையின் சொல், சைகை, நேரம், உங்கள் கேள்வி, அதற்கு முன் என்ன பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, தொலைக்காட்சியில் என்ன இருந்தது என எல்லாம் வேண்டும். இதில் தமிழ் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. "அடிச்சாங்க" என்பது வேறு, "அடிச்சாங்களாம்" என்பது வேறு. அந்த "-ஆம்" வந்தால் குழந்தை யாரோ சொல்லக் கேட்டதைச் சொல்கிறது என்று பொருள். கேட்டதையும் கண்டதையும் பிரித்துக் காட்டும் அடையாளம் அந்தச் சின்ன விகுதியில் இருக்கிறது. குறிப்பு எழுதுபவர்கள் முதலில் தொலைப்பதும் அதைத்தான். ஒரு எச்சரிக்கை: சின்னக் குழந்தை "-ஆம்" போடாவிட்டால் அது கண்ணால் கண்டதுதான் என்று ஆகிவிடாது.

முறையான பேட்டி

அமெரிக்கத் தேசியக் குழந்தை நல ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் லாம்பும் கூட்டாளிகளும் 1990-களில் உருவாக்கிய பேட்டி முறைதான் இன்று அதிகம் சோதிக்கப்பட்டது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், அதைப் பின்பற்றியவர்கள் "என்ன நடந்துச்சு, சொல்லு" போன்ற திறந்த கேள்விகளை மற்றவர்களைவிடக் குறைந்தது மூன்று மடங்கு கேட்டார்கள். ஆமா-இல்லை வகையும், பதிலை எடுத்துக்கொடுத்துத் தூண்டும் கேள்விகளும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கீழே வருவது அந்த முறையின் போக்கு.

உள்ளே போகும் முன் ஒரு தாளில், குழந்தை சொன்னதாகக் கேள்விப்பட்டதற்குக் குறைந்தது மூன்று விளக்கம் எழுதுங்கள். சொன்னபடியே நடந்தது; நடந்தது, ஆனால் ஆள் வேறு; சாதாரண விஷயம் ஒன்று தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது. இந்த மூன்றையும் சோதிக்கும் மனதோடு போனால் கேள்வி தானாகவே திறந்து வரும். ஒன்றை மட்டும் நம்பிப் போனவர் அதற்கான ஆதாரம் மட்டும் தேடுவார்.

அறையில் மேசை, நாற்காலி, தாள், தண்ணீர். பொம்மைக் கடை போல இருக்கக் கூடாது. பேசுபவர் ஒருவர் மட்டும். அப்பா அம்மா குழந்தையின் பார்வையில் படாத இடத்தில் இருக்க வேண்டும். குழந்தை உள்ளே நுழையும் நொடியிலிருந்து ஒலியும் படமும் பதிவாக வேண்டும். 4 வயதுக்கு 20 நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 7 வயதுக்கு அரை மணி, முக்கால் மணி வரை போகலாம். குழந்தை நாற்காலியில் நெளியத் தொடங்கினால், நிறுத்த வேண்டியது நீங்கள்.

முதலில் விதிகள். வாயால் சொன்னால் போதாது, பழக்கிக் காட்ட வேண்டும். "எங்க வீட்டு நாய் பேர் என்ன?" என்று கேளுங்கள். குழந்தை யூகித்து ஏதோ பெயர் சொன்னால், "எங்க நாயை நீ பாத்ததே இல்லையே, அப்ப உனக்குத் தெரியாதுல்ல? தெரியாதுன்னு சொல்லலாம்" என்று திருத்துங்கள். "தெரியாது" என்றால், "சரி. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னே, அப்படித்தான் சொல்லணும்." அடுத்து, 5 வயதுச் சிறுமியிடம் "உனக்கு 2 வயசுன்னு நான் சொன்னா என்ன சொல்லுவே?" என்று கேட்டு, பெரியவரைத் திருத்தலாம் என்பதைப் பழக்குங்கள். மூன்றாவது, "நான் கேக்கறது புரியலைன்னா புரியலைன்னு சொல்லு." நான்காவதாக, "நிஜமா நடந்ததை மட்டும் சொல்றியா?" என்று கேட்டு வாக்கு வாங்குங்கள். உண்மை பொய் வித்தியாசத்தை விளக்கச் சொல்லிச் சோதிப்பதைவிட, உண்மை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுப்பதே குழந்தையை உண்மை சொல்ல வைக்கிறது என்பது விக்டோரியா தல்வாரின் குழு 2002-ல் காட்டியது.

பிறகு ஒத்திகை. வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை எடுத்து 5 முதல் 7 நிமிடம் பேச விடுங்கள். "இன்னைக்குக் காலையில எழுந்ததுல இருந்து இங்க வர்ற வரைக்கும் நடந்தது எல்லாம் சொல்லு." நேரமில்லை என்று பலர் இதை வெட்டிவிடுகிறார்கள். அது வீண் சிக்கனம். "இங்கே நான்தான் பேச வேண்டும், இவர் கேட்பார்" என்பதைக் குழந்தை இங்கேதான் கற்கிறது. அந்தக் குழந்தையால் எவ்வளவு சொல்ல முடியும் என்ற அளவுகோலும் உங்களுக்குக் கிடைக்கிறது. காலைப் பொழுதையே மூன்று வாக்கியத்தில் முடிக்கிற குழந்தை முக்கியச் சம்பவத்தையும் மூன்று வாக்கியத்தில் சொன்னால் அது எதையும் மறைப்பதாக அர்த்தமில்லை.

அடுத்து: "இன்னைக்கு என்கூடப் பேச எதுக்கு வந்திருக்கே, சொல்லு." சொல்லத் தொடங்கினால் குறுக்கே விழாதீர்கள். நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்து நொடி மௌனம் பெரியவருக்குத்தான் கஷ்டம். குழந்தை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் அடுத்ததைத் தேடி எடுக்கிறது.

முழுதாகச் சொல்லி முடித்ததும், அது சொன்ன சொல்லையே எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். "'கதவைச் சாத்துனாங்க'ன்னு சொன்னே. கதவு சாத்தினதுல இருந்து நீ வெளிய வர்ற வரைக்கும் என்ன நடந்துச்சு?" இப்படி நேரத்தைத் துண்டு போட்டுக் கேட்பது புது விவரம் கொண்டுவரும், ஆனால் உங்கள் சரக்கு எதையும் உள்ளே கொண்டுபோகாது. அதற்கும் பிறகுதான் யார், எங்கே, எப்படி. ஆமா-இல்லை கேள்வி கடைசி. அதைக் கேட்க நேர்ந்தால், பதில் எதுவானாலும் உடனே "அதைப் பத்திச் சொல்லு" என்று திறந்துவிடுங்கள். வெறும் "ஆமா"வைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள்.

பலமுறை நடந்த விஷயமானால் குழந்தைக்கு வழக்கம் நன்றாகத் தெரியும், எந்த நாளில் எது நடந்தது என்பது குழம்பும். "ஒரு தடவைதான் நடந்துச்சா, அதுக்கு மேலயா?" என்று கேட்டு, மேலே என்றால் "கடைசியா நடந்ததைச் சொல்லு", பிறகு "முதல் தடவை", பிறகு "உனக்கு நல்லா ஞாபகம் இருக்கற இன்னொரு தடவை" என்று தனித்தனியாக எடுங்கள். செவ்வாய்க்கிழமைச் சம்பவத்தில் வியாழக்கிழமைச் சட்டை வந்தால் அது பொய் அல்ல.

முடிக்கும்போது நன்றி சொல்லுங்கள். சொன்ன விஷயத்துக்காக அல்ல, வந்து பேசியதற்காக. இரண்டு நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டு அனுப்புங்கள்.

நம் பேச்சில் ஒளிந்திருக்கும் விடைகள்

மேலே சொன்ன முறையை வேறு மொழியிலிருந்து அப்படியே எடுத்தால் தமிழில் சில இடங்களில் சறுக்கும்.

"அடிச்சாரா?" என்று "-ஆ" போட்டாலே செயலை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். "அடிச்சார்தானே?", "அடிச்சார் இல்ல?" என்பதில் பதிலையும் சேர்த்தே கொடுத்துவிட்டீர்கள். "என்ன செஞ்சார்?" என்பது மேல். "என்ன நடந்துச்சு?" என்பது அதைவிட மேல், ஏனென்றால் அதில் ஆளும் இல்லை.

குழந்தை "கண்ணாடி உடைஞ்சிடுச்சு" என்றால் நீங்கள் "யார் உடைச்சது?" என்று கேட்கக் கூடாது. தானாக உடைந்ததை ஒருவர் கை உடைத்ததாக மாற்றியது உங்கள் வினைச்சொல். "உடைஞ்சிடுச்சுன்னு சொன்னே, எப்படின்னு சொல்லு."

"அவங்க" என்ற சொல்லில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, ஒருவரும் உண்டு, பலரும் உண்டு. "அவங்க வந்தாங்க" என்று கேட்டுவிட்டுக் குறிப்பில் "அவர்கள்" என்று எழுதினால் ஒரு ஆள் கும்பலாகிவிடும். "'அவங்க'ன்னு சொன்னியே, அது யாரு?" என்று நிறுத்திக் கேளுங்கள். "யார் யாரு?" என்றால் பலர் என்று நீங்களே சொன்னதாகிவிடும். மாமா, அண்ணா, தாத்தா, ஆன்ட்டி எல்லாமும் அப்படித்தான். சொந்த மாமாவா, முன்பின் தெரியாத ஆளா என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதோடு தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். "தள்ளிட்டாங்க" என்றால் யார், யாரை என்று இரண்டும் காணோம். இரண்டையும் குழந்தையிடமே கேட்டு வாங்க வேண்டும்.

குழந்தை "அவன்" என்று சொன்ன ஆளை நீங்கள் "அவர்" என்று உயர்த்தவோ, "அவர்" என்றவரை "அவன்" என்று இறக்கவோ கூடாது. விசாரிப்பவர் "அவன்" என்று சொன்ன நொடியில் அந்த ஆள் கெட்டவன் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

"ஏன்" வேண்டவே வேண்டாம். "ஏன் அங்க போனே?", "ஏன் அப்பவே சொல்லலை?" என்பவை கேள்வி அல்ல, திட்டு. குழந்தை காரணம் தேடாது, தப்பிக்க வழி தேடும். "சமத்து", "நல்ல பிள்ளை" என்பவையும் வேண்டாம். இந்தப் பதிலுக்குச் சமத்து என்றால், போன பதிலுக்கு ஏன் இல்லை என்று அது கணக்குப் போடும்.

எது கெடுக்கிறது, எவ்வளவு வேகமாக

1995-ல் மிஷேல் லீக்ட்மனும் ஸ்டீபன் செசியும் வெளியிட்ட ஆய்வில், சாம் ஸ்டோன் என்ற ஆள் ஒரு மழலையர் வகுப்புக்கு வந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போனார். எதையும் தொடவில்லை. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு அவர் தடுமாறி எதையாவது உடைப்பவர் என்று முன்பே பல கதைகள் சொல்லியிருந்தார்கள். பிறகு 10 வாரத்தில் நான்கு முறை, அவர் புத்தகத்தைக் கிழித்ததாகவும் கரடி பொம்மையை அழுக்காக்கியதாகவும் வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஐந்தாவது முறை புதிய ஆள் ஒருவர் கேட்டபோது, அந்தப் பிரிவின் 3, 4 வயதுக் குழந்தைகளில் 72 சதவீதம் பேர் குறைந்தது ஒன்றையாவது அவர் செய்தார் என்றார்கள். முன்கதையும் தூண்டலும் இல்லாத பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் சிலரே. "அவருக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி" என்று வீட்டில் சொல்லிவைப்பதும் முன்கதைதான்.

இதற்குப் பத்து வாரம்கூட வேண்டியதில்லை. 1983-ல் தொடங்கி 1990-ல் ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகாமல் முடிந்த கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிப் பாலியல் துன்புறுத்தல் வழக்கில், நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பேட்டி கண்டிருந்தார்கள். அந்தப் பதிவுகளில் கண்ட உத்திகளை செனா கார்வனின் குழு 1998-ல் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் சோதித்தது: "மத்தப் பிள்ளைங்க எல்லாம் சொல்லிட்டாங்க" என்பது, விரும்பிய பதிலுக்குப் பாராட்டுவது, மற்றதற்கு முகம் சுளிப்பது, "என்ன நடந்திருக்கும்னு நினைச்சுப் பார்" என்பது. ஐந்து நிமிடத்துக்குள், வகுப்புக்கு வந்துபோன ஒரு விருந்தாளி மீதான பொய்ப் புகார்களுக்கு 58 சதவீதம் உடன்பாடு கிடைத்தது. தூண்டும் கேள்வி மட்டும் கேட்ட பிரிவில் அது 17 சதவீதம். கேள்வியைவிட அதைச் சுற்றியிருக்கும் பாராட்டும் ஏமாற்றமும்தான் அதிகம் கெடுக்கின்றன.

ஒரே பேட்டியில் அதே ஆமா-இல்லை கேள்வியை மறுபடி கேட்டால், சின்னக் குழந்தை தன் முதல் பதில் தப்பு என்று நினைத்து மாற்றும். திறந்த கேள்வியை மறுபடி கேட்பதில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. அதனால் இரண்டாவது நாள் பேட்டி எடுப்பது தவறல்ல. திறந்த முறையில் நடந்தால் முதல்முறை விட்டுப்போனவை வரும். அதில் புது விவரம் வந்தால் "அன்னைக்குச் சொல்லலையே" என்று சந்தேகப்படவும் தேவையில்லை.

எங்கே தொட்டார்கள் என்று காட்டச் சொல்லிக் கொடுக்கும், அந்தரங்க உறுப்புகள் வைத்த பொம்மைகளும் உடல் படங்களும் சின்னக் குழந்தைகளிடம் உதவியைவிட உபத்திரவம். மேகி ப்ரக்கின் குழு 3 வயதுக் குழந்தைகளிடம் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு உடனே பொம்மை கொடுத்துக் கேட்டபோது, தொடாத இடத்தைத் தொட்டதாகக் காட்டியவர்கள் பலர். பொம்மையைத் தன் உருவமாக நினைப்பது அந்த வயதுக்கு எட்டாது. விரலை நுழைப்பதற்கு ஒரு துளை இருந்தால் நுழைத்துப் பார்ப்பது ஆராய்ச்சி, வாக்குமூலம் அல்ல.

ஆனால் திறந்த கேள்வி மட்டுமே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கேரன் சேவிட்ஸ் குழு 1991-ல் வெளியிட்ட ஆய்வில் 5, 7 வயதுச் சிறுமிகள் 72 பேர் மருத்துவரிடம் போனார்கள். பாதிப் பேருக்கு அந்தரங்க உறுப்பும் பரிசோதிக்கப்பட்டது. தானாகச் சொல்லச் சொன்னபோது அவர்களில் பெரும்பாலோர் அதைச் சொல்லவில்லை. நேரடியாகக் கேட்டபோது பெரும்பாலோர் சொன்னார்கள். பரிசோதிக்கப்படாதவர்களில் தவறாக "ஆமா" என்றவர்கள் மிகச் சிலரே. வெட்கமும் சங்கடமும் உள்ள விஷயம் தானாக வராமல் போகலாம். எனவே திறந்த கேள்விகள் எல்லாம் தீர்ந்த பிறகு, பேட்டியின் கடைசியில், வேறு ஆதாரம் இருந்தால் மட்டும், ஒரே ஒரு நேரடிக் கேள்வி கேட்கலாம். அதில் கிடைத்தது தானாகச் சொன்னதற்குச் சமமான எடை பெறாது என்பதைக் குறிப்பில் எழுதுங்கள்.

நேரம், எண்ணிக்கை, முகம்

"நேத்து" என்பது சின்னக் குழந்தைக்குப் போன வாரமும்தான், போன மாதமும்தான். கடிகார நேரமும் தேதியும் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லும், அந்தப் பதிலை வைத்து ஒரு வழக்கே கவிழும். "அப்ப ஸ்கூல் இருந்துச்சா லீவா", "என்ன டிரஸ் போட்டிருந்தே", "அதுக்கப்புறம் எங்க போனே" என்று நிகழ்ச்சியோடு ஒட்டிக் கேட்டுப் பெரியவர்தான் தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை தடவை என்பதும் அப்படியே. பத்து வரை எண்ணத் தெரிந்த குழந்தைக்கு நடந்த சம்பவங்களை எண்ணத் தெரியும் என்று கிடையாது.

பலரின் படங்களை வரிசையாக வைத்து ஆள் அடையாளம் காட்டச் சொல்வதில், ஏறக்குறைய 5 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள், தாங்கள் பார்த்த ஆள் வரிசையில் இருந்தால் பெரியவர்கள் அளவுக்குச் சரியாகக் காட்டுகிறார்கள். ஆள் இல்லாத வரிசையிலும் யாரையாவது காட்டிவிடுவதுதான் பிரச்சினை. "இதில் ஒருவர் இருப்பார்" என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். படங்களோடு ஒரு நிழலுருவத்தையும் வைத்து, "நீ பாத்தவங்க இதுல இல்லாமலும் இருக்கலாம், இல்லைன்னா இந்தப் படத்தைத் தொடு" என்று பழக்கினால் தவறான அடையாளம் குறைகிறது. தலையாட்டி "இல்லை" என்பதைவிட எதையோ தொட்டுக் காட்டுவது குழந்தைக்குச் சுலபம்.

சொன்னதை எடை போடுவது

தடுமாறாமல் சொன்னாள், கண்ணைப் பார்த்துச் சொன்னாள், அழுதாள் என்பவை எதுவும் சான்று அல்ல. செசியின் வேறொரு ஆய்வில், எலிப்பொறியில் விரல் மாட்டி மருத்துவமனைக்குப் போனது போன்ற நடக்காத சம்பவங்களை வாராவாரம் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் ஒன்றையாவது நடந்ததாக விவரித்தார்கள். அந்தப் படப்பதிவுகளைப் பார்த்த தொழில்முறை நிபுணர்களால் எது நிஜம், எது இல்லை என்று பிரிக்க முடியவில்லை. விவரம் ததும்பியது, கையசைவு இருந்தது, குரலில் வலி இருந்தது.

அதனால் முகத்தை விட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள். பேட்டியை முழுதாக எழுத்தில் எடுங்கள், "ம்" உட்பட. ஆள், இடம், செயல், உடல் பாகம் என்று முக்கியமான ஒவ்வொரு விவரத்தையும் தேடி, அது முதன்முதலில் யார் வாயில் வந்தது என்று கண்டுபிடியுங்கள். குழந்தை வாயில் முதலில் வந்திருந்தால் பச்சைக் கோடு, கேட்டவர் வாயில் என்றால் சிவப்புக் கோடு. வீட்டில் எழுதிய முதல் குறிப்பையும் இதே மாதிரி கோடிட்டுப் பக்கத்தில் வையுங்கள், ஏனென்றால் பேட்டியில் பச்சையாகத் தெரிவது அங்கே சிவப்பாக இருக்கலாம். சிவப்பு விவரத்தைக் குழந்தை பின்னால் பத்து முறை சொன்னாலும் கோட்டின் நிறத்தை மாற்றாதீர்கள். இந்தக் கோடுகளைப் பேட்டி எடுத்தவர் போடக் கூடாது. வழக்கின் முடிவைப் பற்றி ஒன்றும் தெரியாத இன்னொருவரிடம் பேனாவைக் கொடுங்கள்.